கண் கட்டிய கோழி

ஸ்பானிஷ் பேசும் குழந்தைகள் கோழிக்குக் கண்ணைக் கட்டுகிறார்கள். ஆங்கிலக் குழந்தைகள் மனிதனுக்கு. ஜெர்மானியர்கள் பசுவுக்கு, போர்ச்சுகீசியர்கள் ஆட்டுக்கு, இத்தாலியர்கள் ஈக்கு. ஆட்டம் என்னவோ ஒன்றுதான். ஒருவருக்குக் கண்ணைக் கட்டி, ரெண்டு சுற்று சுற்றிவிட்டு, மற்றவர்கள் அவர் கைக்குச் சிக்காமல் நழுவி ஓடுவது. நம்ம ஊர் கண்ணாமூச்சி. ஸ்பானிஷில் அதற்குப் பெயர் "கயீனா சியேகா", குருட்டுக் கோழி. ஆங்கிலத்தில் "பிளைண்ட் மேன்ஸ் பஃப்".

கோழி எப்படி மனிதன் ஆனது என்ற கேள்வி எனக்கு வேலையினால் வந்தது. நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். செயலியின் திரையில் தெரியும் வாசகங்களைப் பல மொழிகளுக்கு மாற்றத் தோதாக அடுக்கிவைப்பது அந்த வேலையில் ஒரு பகுதி. அங்கே எல்லா மொழிபெயர்ப்பும் கடைசியில் ஓர் எக்செல் ஷீட்தான். இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் அதற்கு ஈடான சொல். "சேமி", "ரத்து செய்", "அடுத்து" போன்ற சொற்களுக்கு இது போதும். குழந்தைகளின் பிறந்தநாள் விழாவுக்கான ஒரு செயலிக்கு ஸ்பானிஷ் விளையாட்டுப் பெயர்களை ஆங்கிலமாக்க வேண்டியிருந்தது. முப்பது சொச்சம் வரிகள். இது எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஒவ்வொரு வரியையும் தோண்டத் தோண்ட, அடியில் ஒரு ஓவியமோ, நாவலோ, ஒரு சட்டமோ கிடந்தது. அப்படிக் கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை.

1

முதலில் கோழி. ஆங்கிலப் பெயரில் உள்ள "பஃப்" அடி, குத்து என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. கண் கட்டியவரைச் சுற்றி நின்று தட்டுவதும் இடிப்பதும் அன்றைய ஆட்டத்தில் முக்கியமான பகுதி. அந்தச் சொல் மக்கள் வாயிலிருந்து மறைந்ததும், அமெரிக்காவில் அதை "பிளஃப்" ஆக்கிக்கொண்டார்கள். அதாவது ஏமாற்று. அர்த்தம் புரியாத சொல்லின் இடத்தில் அதே மாதிரி ஒலிக்கிற, புரிகிற சொல். ஷேக்ஸ்பியர் காலத்தில் இதற்கு "ஹுட்மேன் பிளைண்ட்" என்றும் பெயர் உண்டு. ஹாம்லெட் நாடகத்தில் அந்தப் பெயர் வருகிறது. ஹுட் என்றால் தலையை மூடும் துணி. ஆக ஆங்கிலம் துணியையும் அடியையும் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறது. ஸ்பானிஷ், கண் கட்டியவர் கையை விரித்துக்கொண்டு தத்தித் தத்தி நடப்பதைப் பார்த்திருக்கிறது என்பது என் ஊகம்.

இந்த ஆட்டம் இரண்டு மொழிகளையும்விட மூத்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய போலக்ஸ், தன் சொற்களஞ்சியத்தில் "வெண்கல ஈ" என்ற விளையாட்டை விவரிக்கிறார். கண் கட்டியவர் வெண்கல ஈயைப் பிடிக்கப்போவதாகக் கத்துவார். மற்றவர்கள் பாப்பிரஸ் நாரால் அவரை அடித்துவிட்டு ஓடுவார்கள். இத்தாலியரின் "குருட்டு ஈ"யைப் பார்க்கும்போது இந்த வெண்கல ஈ நினைவுக்கு வராமல் போகாது.

இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை 17ஆம் நூற்றாண்டிலேயே ஒருவருக்கு வந்துவிட்டது. செவில் நகருக்குப் பக்கத்தில் உத்ரேரா என்ற ஊரில் பிறந்த ரோத்ரிகோ காரோ, ஒரு பாதிரியார், பழம்பொருள் ஆராய்ச்சியாளர். 1626 வாக்கில் "தியாஸ் ஹெனியாலெஸ் ஓ லூதிக்ரோஸ்" என்ற நூலை எழுதினார். உரையாடல் வடிவம். தன் ஊர்க் குழந்தைகள் தெருவில் ஆடும் ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, இது கிரேக்கர்களிடம் இப்படி இருந்தது, ரோமானியர்களிடம் அப்படி இருந்தது என்று ஜோடி சேர்த்துக்கொண்டே போவார். என் எக்செல் ஷீட்டின் கொள்ளுத்தாத்தா என்று சொல்லலாம். படித்த பெரிய மனிதர் ஒருவர் வாண்டுகளின் கூச்சலை ஹோமர், ஓவிட் பக்கத்தில் உட்காரவைத்தது அந்தக் காலத்துக்குச் சாதாரண விஷயம் இல்லை. நூல் அச்சேற இரண்டரை நூற்றாண்டு ஆனது. 1884இல்தான் செவிலில் வெளிவந்தது.

கோழியைப் பார்க்க மாட்ரிட் நகரின் பிராதோ அருங்காட்சியகத்துக்கும் போகலாம். ஃபிரான்சிஸ்கோ கோயா 1788–89இல் வரைந்த "லா கயீனா சியேகா" அங்கே இருக்கிறது. எல் பார்தோ அரண்மனையில் தொங்கவிட வேண்டிய திரைச்சீலைக்கான மாதிரி ஓவியம். ஆற்றங்கரையில் இளைஞர்களும் பெண்களும் கைகோத்து வட்டமாக நிற்கிறார்கள். நடுவில் கண் கட்டிய ஒருவர், நீண்ட மரக்கரண்டியை நீட்டித் தேடுகிறார். ஒருத்தி பின்பக்கமாக வளைந்து தப்பிக்கிறாள். ஆடுபவர்கள் எல்லாம் வளர்ந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். நாம் இன்று குழந்தைகள் விளையாட்டு என்று சொல்லும் பலவும் அன்று பெரியவர்களின் விருந்து விளையாட்டுகள். இந்தப் படத்தின் பெயரை ஆங்கிலமாக்குகிறவர்கள் வழக்கமாக ஆங்கில விளையாட்டின் பெயரையே போடுகிறார்கள். அது சரிதான். "குருட்டுக் கோழி" என்று நேராகப் போட்டால், பார்க்கிறவர்கள் படத்தில் கோழியைத் தேடுவார்கள்.

ஆனால் அதே தீர்ப்பு இன்னொரு தலைப்புக்குப் பொருந்தாது. மக்ஸ் அவுப் என்ற எழுத்தாளர் ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்றவர். 1939இல் நாட்டைவிட்டு வெளியேறி, பிரெஞ்சு முகாம்களில் அடைபட்டு, 1942இல் மெக்ஸிகோ போய்ச் சேர்ந்தார். முப்பது ஆண்டு கழித்து, 1969இல், ஃபிராங்கோ இன்னும் ஆண்டுகொண்டிருந்த ஸ்பெயினுக்குச் சில வாரங்கள் வந்து பார்த்தார். அந்த நாட்குறிப்பு 1971இல் வெளிவந்தது. தலைப்பு "லா கயீனா சியேகா". அவர் யாரையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தாரோ அந்த நாடு அவர்களை மறந்துவிட்டிருந்தது. அவரையும்தான். இங்கே கண் கட்டியிருப்பது யார்? நாடா, திரும்பி வந்தவரா? போதாததற்கு, ஸ்பானிஷில் "கயீனா" என்றால் கோழை என்றும் அர்த்தம் உண்டு. "பிளைண்ட் மேன்ஸ் பஃப்" என்று மாற்றினால் விளையாட்டு வந்துவிடும், குற்றச்சாட்டு வராது.

ஆக, ஒரே பெயருக்கு இரண்டு இடத்தில் இரண்டு மொழிபெயர்ப்பு தேவைப்படுகிறது. ஷீட்டில் அதற்கு ஒரே ஒரு கட்டம்தான்.

2

அடுத்து, தொட்டுப் பிடிக்கிற ஆட்டம். இது இல்லாத ஊரே கிடையாது. ஆங்கிலத்தில் "டேக்". பிடிக்கிறவனுக்குப் பெயர் "இட்". அது. அவ்வளவுதான், வெறும் "அது".

அர்ஜென்டினாவில் இதே ஆட்டம் "மாஞ்சா". கறை என்று பொருள். தொட்டால் கறை என் மேலிருந்து உன் மேலே போய்விடும். மெக்ஸிகோவில் ஒரு பெயர் "ரோன்யா". சொறி, சிரங்கு. என் சிரங்கை உனக்கு ஒட்டிவிட்டு நான் ஓடுகிறேன். ஆட்டத்தின் உயிரே இதில் இருக்கிறது என்று எனக்குப் படும். குழந்தைகள் ஏன் இவ்வளவு அலறிக்கொண்டு ஓடுகிறார்கள் என்பதற்கு "டேக்" என்ற சொல்லில் பதில் இல்லை. "ரோன்யா"வில் இருக்கிறது.

ஸ்பெயினில் "து லா யேவாஸ்" என்பார்கள். மெக்ஸிகோவில் "லா த்ராயெஸ்". இரண்டுக்கும் அர்த்தம் ஏறக்குறைய "நீ அதை வைத்திருக்கிறாய்". இந்த "லா" இருக்கிறதே, அது பெண்பால் பிரதிப்பெயர். எந்தப் பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக வருகிறது என்று யாரும் சொல்வதில்லை. கறையா, சிரங்கா, வேறு ஏதாவதா? ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிற, பெயர் இல்லாத ஒன்று. ஆங்கிலத்தில் பிடிப்பவனே "அது" ஆகிவிடுகிறான். ஸ்பானிஷில் அவன் "அதை"ச் சுமக்கிறான். ஒன்றில் நீ யார் என்பது மாறுகிறது, மற்றதில் உன் கையில் என்ன இருக்கிறது என்பது மாறுகிறது. இரண்டையும் "டேக்" என்று நிரப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். போகத்தான் வேண்டியிருக்கிறது. ஆனாலும் கொஞ்சம் மனசு கேட்காது.

இதிலேயே இன்னொரு வகை, தொடப்பட்டவர் அசையாமல் நிற்க வேண்டும். தன் கட்சிக்காரர் யாராவது வந்து தொட்டு விடுவித்தால்தான் மறுபடி ஓட முடியும். ஆங்கிலத்தில் "ஃப்ரீஸ் டேக்". உறைந்துபோவது. மெக்ஸிகோவில் "என்கான்தாதோஸ்". மந்திரத்தால் கட்டுண்டவர்கள். முதலாவதில் குளிர்சாதனப் பெட்டி, இரண்டாவதில் தேவதைக் கதை. தோழன் வந்து தொட்டதும் சாபம் விலகும் என்ற விதி இரண்டாவது பெயருக்குள் ஏற்கெனவே இருக்கிறது. விளக்கவே வேண்டாம்.

3

சில பெயர்களில் அடுத்த நாட்டுக்காரன் உட்கார்ந்திருப்பான். "ஸ்க்விட் கேம்" பார்த்தவர்களுக்கு அந்தப் பொம்மை திரும்பிப் பார்க்கிற ஆட்டம் நினைவிருக்கும். ஒருவர் முதுகைக் காட்டி நிற்பார், அவர் திரும்பும்போது யார் அசைந்தாலும் அவுட். கொரிய மொழியில் அதன் பெயர் செம்பருத்தி இனத்தைச் சேர்ந்த முகுங்வா பூ மலர்ந்ததைப் பற்றிய ஒரு வாக்கியம். ஆங்கிலத்தில் அது "ரெட் லைட், கிரீன் லைட்" ஆகிவிட்டது. பூ போய் டிராஃபிக் சிக்னல் வந்தது.

ஸ்பெயினில் இதே ஆட்டத்துக்குப் பெயர் "எஸ்கொந்தித்தே இங்லேஸ்". இங்கிலீஷ் ஒளிஞ்சு பிடிச்சு. ஆனால் இங்கிலாந்தில் கேட்டால் அவர்கள் இதை "பாட்டியின் காலடிகள்" என்று பொருள்படும் பெயரால் சொல்வார்கள். தங்கள் பெயர் ஸ்பெயினில் இப்படி உலவுவது பாதிப்பேருக்குத் தெரியாது. சிலே நாட்டில் இதில் எகிப்து மம்மி வரும். அர்ஜென்டினாவில் "சிகரியோ குவாரெந்தா இ த்ரேஸ்", அதாவது "சிகரெட் 43". 43 என்பது அங்கே விற்ற ஒரு சிகரெட்டின் பெயர். குழந்தைகள் ஆட்டத்துக்குள் சிகரெட் எப்படி வந்தது என்று இன்றைய பெற்றோர் முகம் சுளிக்கலாம். சொல்லிமுடிக்கும் வரை மற்றவர்கள் ஓடிவர நேரம் கொடுக்க வேண்டும், கேட்க நன்றாக இருக்க வேண்டும். ஒரு குழந்தை சொல்லைத் தேர்ந்தெடுக்க அதுவே போதுமான காரணம்.

இன்னொன்று, காதோடு காதாக ஒரு வாக்கியத்தைக் கடத்தி, கடைசி ஆளிடம் அது என்னவாகப் போய்ச் சேர்கிறது என்று பார்த்துச் சிரிக்கிற ஆட்டம். மெக்ஸிகோவிலும் அர்ஜென்டினாவிலும் இது "தெலெஃபொனோ தெஸ்கொம்புவெஸ்தோ". ரிப்பேரான டெலிபோன். அமெரிக்காவில் வெறும் "டெலிபோன்". பிரிட்டனில் "சைனீஸ் விஸ்பர்ஸ்". சீனர்களின் கிசுகிசுப்பு. அதற்கு முன்பு 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் "ரஷ்யன் ஸ்காண்டல்" என்று சொன்னதுண்டு. பிரெஞ்சில் "அரபு டெலிபோன்". பழுதைக் கருவியின் மேல் போடுவதா, அந்நியன் மேல் போடுவதா? இங்கே ஸ்பானிஷ் பெயர் மட்டும் யார் வம்புக்கும் போகாமல் கருவியைக் குற்றம் சொல்கிறது. இதை லண்டன் வாசகருக்கு மொழிபெயர்க்கும்போது பழகிய பெயரைப் போட்டால், மூலத்தில் இல்லாத ஓர் இளக்காரத்தை நாமே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். நான் "டெலிபோன்" என்றே போட்டேன். மூலத்தைச் சரியாகச் சொல்வதும், யாரையும் சீண்டாமல் இருப்பதும் இங்கே ஒன்றாகவே அமைந்துவிட்டன. எப்போதும் அப்படி அமையாது.

4

விளையாட்டுப் பெயர்களின் மொழிபெயர்ப்பில் உலகமே அறிந்தது ஒன்று உண்டு. ஹூலியோ கொர்த்தாஸார் 1963இல் புவெனஸ் ஐரிஸில் வெளியிட்ட "ரயுவேலா" நாவல். கிரெகரி ரபாஸா 1966இல் "ஹாப்ஸ்காட்ச்" என்று ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அந்த மொழிபெயர்ப்புக்கு 1967இல் அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்டு கிடைத்தது. கட்டம் போட்டு நொண்டியடிக்கிற ஆட்டம்தான், நம்ம பாண்டி.

நாவலில் 155 அத்தியாயங்கள். முதல் 56ஐ வரிசையாக வாசித்து நிறுத்திக்கொள்ளலாம். அல்லது 73இல் தொடங்கி, ஆசிரியர் தரும் வரிசைப்படி அங்கும் இங்கும் தாவலாம். அதனால் தலைப்பு வெறும் அலங்காரம் இல்லை. வாசகன் செய்ய வேண்டிய வேலையின் பெயர் அது. கொர்த்தாஸார் முதலில் "மண்டலா" என்று தலைப்பு வைக்க நினைத்திருந்தார். வேறு எதையும்விடப் பிள்ளைகள் சாக்கட்டியால் கிழிக்கிற கட்டம்தான் பொருத்தம் என்று கடைசியில் மாறியது நல்லதாகப் போயிற்று.

இந்த ஜோடியில் ஓர் அதிர்ஷ்டம் ஒளிந்திருக்கிறது. "ரயுவேலா"வின் வேர் "ராயா", கோடு. "ஹாப்ஸ்காட்ச்"சில் உள்ள "ஸ்காட்ச்" ஸ்காட்லாந்து என்று பலர் நினைக்கிறார்கள். அது தரையில் கீறிய கோடு. இரண்டு மொழியும் தெரியாமலேயே ஒரே கோட்டைக் கிழித்திருக்கின்றன. ஆங்கிலம் அதில் தாவலையும் சேர்த்துக்கொண்டது.

ஆனால் எல்லாமே இப்படிப் பொருந்தவில்லை. அர்ஜென்டினாவில் கட்டத்தின் அடியில் "தியெர்ரா", உச்சியில் "சியேலோ" என்று எழுதுவார்கள். மண்ணிலிருந்து சியேலோவுக்குப் போக வேண்டும். ஸ்பானிஷில் "சியேலோ" என்றால் வானமும் சொர்க்கமும் ஒன்றேதான். ஆங்கிலத்தில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ரபாஸா சொர்க்கத்தைத் தேர்ந்தார். எந்தச் சமயமும் சாராத ஒரு பிள்ளை அண்ணாந்து பார்க்கிற வானம் அதில் கொஞ்சம் குறைந்துபோனது. தமிழிலும் இதே சங்கடம்தான். "வானம்" என்றால் மோட்சம் போகும், "சொர்க்கம்" என்றால் மேகம் போகும்.

ஸ்பானிஷ் பேசுகிற எல்லோருக்குமே இந்தத் தலைப்பு ஒன்றல்ல என்பது இன்னொரு வேடிக்கை. மெக்ஸிகோ பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் "அவியோன்", விமானம். சிலேயில் "லூச்சே". அதே சிலேயில் "ரயுவேலா" என்றால் பெரியவர்கள் உலோக வட்டை எறிந்து கயிற்றைக் குறிபார்க்கிற வேறொரு விளையாட்டு. ஸ்பானிஷ் என்று ஷீட்டின் தலையில் எழுதிவிடுகிறோம். கிட்டத்தட்ட இருபது நாடுகள் அந்த ஒரே தலைப்புக்குக் கீழே நெருக்கியடித்து நிற்கின்றன. எந்த நாட்டுப் பிள்ளையின் பெயர் "மூலம்" என்ற இடத்தில் ஏறுகிறது, எது ஏறாமல் விடுபடுகிறது என்பது மொழிபெயர்ப்பு தொடங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது.

5

இப்போது, மொழிபெயர்க்கப்படாமலேயே ஆங்கிலத்துக்குள் போன பெயர். பின்யாட்டா. உள்ளே மிட்டாய் நிரப்பிய பானையோ காகிதப் பொம்மையோ மேலே தொங்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு கோலால் அடித்து உடைக்க வேண்டும். படிக்கும்போதே உங்களுக்கு உறியடி ஞாபகம் வந்திருக்கும். அப்படியே மொழிபெயர்த்துவிடலாமே என்று கை பரபரக்கும். ஆனால் உறியடி என்றதும் கிருஷ்ணன் வந்துவிடுவான், வழுக்கு மரம் வந்துவிடும். பின்யாட்டாவின் கதை வேறு.

சொல்லின் மூலம் இத்தாலிய "பிஞ்ஞாத்தா", பானை. ஸ்பெயினில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் முதல் ஞாயிறைப் பின்யாட்டா ஞாயிறு என்றே சொல்வார்கள். மெக்ஸிகோவில் அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள் "பொசாதா" விழாவோடு சேர்ந்துகொண்டது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அகோல்மான் ஊரின் அகஸ்டினியத் துறவிகள் அதைத் தொடங்கிவைத்தார்கள் என்பது அங்கே வழங்கும் வரலாறு. ஏழு முனை நட்சத்திரம் ஏழு பெரும் பாவங்கள். கோல் நற்குணம். கட்டிய கண் குருட்டு நம்பிக்கை. கொட்டுகிற மிட்டாய் அருள். பிறந்தநாள் விழாவில் ஸ்பைடர்மேன் உருவத்தைப் போட்டு அடிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் தேவையில்லை. ஆனால் சொல் மட்டும் அப்படியே நின்றது.

அப்படியே என்றும் சொல்ல முடியாது. ஸ்பானிஷ் எழுத்தில் "ந" மேல் ஒரு சின்ன நெளிவு இருக்கும். அதை "எஞ்ஞே" என்பார்கள். கணினிகளின் பழைய ஆஸ்கி எழுத்துத் தொகுப்பில் அதற்கு இடமில்லை. ஆங்கில விசைப்பலகையில் "பின்யாட்டா" சுலபமாகப் "பினாட்டா" ஆகிவிடும். ஸ்பெயினில் இது பெரிய சண்டையாகவே ஆனது. 1991இல் ஐரோப்பிய சமூகம், எஞ்ஞே இல்லாத விசைப்பலகைகளையும் ஸ்பெயினில் விற்க விட வேண்டும் என்று வற்புறுத்தியது. கப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் முதலானவர்கள் கொதித்தெழுந்தார்கள். 1993இல் ஸ்பெயின் அரசு தனி ஆணை போட்டு அந்த எழுத்தைக் காப்பாற்றியது. நம் எழுத்துகள் கணினியில் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்த காலத்தைப் பார்த்த யாருக்கும் அந்தக் கோபம் புரியும்.

லொத்தேரியாவும் இதே மாதிரிதான் போனது. 54 படச் சீட்டுகள், ஆளுக்கு 16 படம் கொண்ட அட்டை. அழைப்பவர் படத்தின் பெயரை நேராகச் சொல்லாமல் விடுகதையாக, நக்கலாகச் சொல்வார். ஆங்கிலத்தில் சிலர் இதை "மெக்ஸிகன் பிங்கோ" என்கிறார்கள். எண்ணைக் கூப்பிடுகிற பிங்கோவில் நக்கல் எங்கே இருக்கிறது? ஆனாலும் கடைகளில் அது தன் சொந்தப் பெயரிலேயே விற்கிறது.

6

இந்த இரண்டு மட்டும் ஏன் தப்பித்தன? ரோன்யாவும் என்கான்தாதோஸும் ஏன் தப்பிக்கவில்லை?

அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் எல்லோரும் எல்லை தாண்டி வந்தவர்கள் அல்லர். 1848இல் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையோடு மெக்ஸிகோவின் வடபகுதி அமெரிக்காவின் கைக்குப் போனது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், எல்லைதான் அவர்களைத் தாண்டிப் போயிற்று. 1918இல் டெக்சஸ் மாநிலம் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலத்தில் மட்டுமே பாடம் நடத்த வேண்டும் என்று சட்டம் போட்டது. மீறும் ஆசிரியருக்குத் தண்டனை. 1968இல்தான் இருமொழிக் கல்விக்கான சட்டம் நாட்டளவில் வந்தது. 1972இல் அமெரிக்கக் குடியுரிமைகள் ஆணையம், தென்மேற்கின் ஐந்து மாநிலங்களில் மெக்ஸிகன் அமெரிக்கப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஸ்பானிஷ் பேசக் கூடாது என்ற விதியையும், அதற்கான தண்டனைகளையும் அது பதிவுசெய்திருக்கிறது. தடை வகுப்பறையோடு நிற்கவில்லை. விளையாடுகிற இடத்துக்கும் நீண்டது.

இதைப் படித்தபோதுதான் என் பட்டியல் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. இன்டர்வெலில் ஓடுகிற ஒரு பிள்ளை "லா த்ராயெஸ்" என்று கத்தினால் மாட்டிக்கொள்ளும். "யூ ஆர் இட்" என்றால் தப்பித்துக்கொள்ளும். அங்கே மொழிபெயர்த்தது அகராதியோ எழுத்தாளரோ அல்ல, ஓடிக்கொண்டிருந்த ஏழு வயதுப் பிள்ளை. மூச்சிரைக்க, மேற்பார்வைக்கு நிற்கும் ஆசிரியரை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு. நான் இன்று இடப்பக்கமும் வலப்பக்கமும் நிரப்புகிற ஈடுகளில் சில, அந்தப் பிள்ளைகள் பயத்தில் கண்டுபிடித்தவையாக இருக்கலாம்.

அதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு வேலை நடந்தது. பெருமந்தத்தின்போது வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க அமெரிக்க அரசு நடத்திய திட்டத்தில் எழுத்தாளர்கள், இசைக்காரர்கள், ஓவியர்களும் இருந்தார்கள். நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் அவர்கள் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களின் பாட்டுகளையும் விளையாட்டுகளையும் சேகரித்தார்கள். 1942இல் "தி ஸ்பானிஷ்–அமெரிக்கன் சாங் அண்ட் கேம் புக்" என்ற பெயரில் நியூயார்க்கில் அது புத்தகமாக வந்தது. ஸ்பானிஷும் இருக்கும், ஆங்கிலமும் இருக்கும். ஒரு பக்கம் பள்ளிக்கூடம் அந்தச் சொற்களைப் பிள்ளைகளின் வாயிலிருந்து துடைக்கிறது, இன்னொரு பக்கம் அரசாங்கச் சம்பளத்தில் ஒருவர் அவற்றை நோட்டில் எழுதிக்கொள்கிறார். ஒரே நாட்டின் இரண்டு கைகள்.

என் கேள்விக்கு எனக்குத் தோன்றிய பதில் இதுதான். பின்யாட்டா ஒரு பொருள். கடையில் தொங்கும், விலை உண்டு, வாங்குகிறவருக்கு அதன் பெயர் தேவை. லொத்தேரியா ஒரு சீட்டுக்கட்டு. பெட்டியின் மேல் பெயர் அச்சாகியிருக்கும். ரோன்யாவுக்குப் பெட்டி கிடையாது. வாயும் காலும் போதும். எல்லா ஊரிலும் அதே ஆட்டம் வேறு பெயரில் இருப்பதால் மாற்றிக்கொள்வதும் சுலபம். விற்க முடிகிற சொல் தன் பெயரோடு எல்லையைத் தாண்டுகிறது. வாயில் மட்டும் வாழ்கிற சொல், வாயை மூடச் சொன்னதும் போய்விடுகிறது. இதற்கு விதிவிலக்கும் இருக்கிறது. மெக்ஸிகோவின் "பலேரோ" ஒரு மரப் பொம்மை, கடையில் விற்பதுதான், ஆனால் ஆங்கிலத்தில் அது "கப் அண்ட் பால்" ஆகிவிட்டது. அந்தப் பொம்மை ஆங்கிலேயர்களிடம் முன்பே இருந்ததால் பெயரும் தயாராக இருந்தது. இந்த விலக்கு என் பதிலைக் கொஞ்சம் திருத்துகிறது, கவிழ்க்கவில்லை.

வேலைக்கு வந்தால், நான் ஷீட்டில் மூன்றாவதாக ஒரு பத்தியைச் சேர்த்தேன். "பிள்ளை என்ன சொல்லிக் கத்தும்" என்பது அதன் தலைப்பு. விளையாட்டின் பெயருக்கு ஆங்கில ஈடு வரட்டும், ஆங்கிலப் பிள்ளைக்கு ஆடத் தெரிய வேண்டும். ஆனால் ஆட்டத்தின் நடுவே கத்துகிற சொல்லை ஸ்பானிஷிலேயே, உச்சரிப்புக் குறிப்போடு விட்டுவைக்கலாம் என்பது என் யோசனை. "டேக்" என்று திரையில் இருக்கும். தொட்டதும் ஒலிக்கிற குரல் "லா த்ராயெஸ்" என்று சொல்லும். அர்த்தம் தெரிய வேண்டியதில்லை. ஸ்பானிஷ் பேசுகிற பிள்ளைகளே அந்த "லா" என்னவென்று கேட்டதில்லை. தொடப்பட்டதும் ஓடினார்கள், அடுத்தவரைத் தொட்டுக் கொடுத்தார்கள்.